இல்லாத மலையின் உயரம்

ஜோயல்,

நலம் நலமறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும். நான் நலமாக இல்லை. உன் மேல் கோபமாக இருக்கிறேன். கோபத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், ஏமாந்துபோன ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? பாட்டுப் புத்தகத்தில் கீர்த்தனை பார்த்துப் படிக்கும் அளவுக்குத்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், அதற்கு மேல் இந்த ஊரில் வாய்க்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கட்டைவிரலால் ஒரு பதில் தட்டி அனுப்பிவிடுவாய். மெதுவாகவே படி. முடியாவிட்டால் ஷீபாவிடம் கொடு. கோயம்புத்தூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்த பெண், தடுக்காமல் வாசிப்பாள். அதையும் யோசித்துத்தான் தமிழில் எழுதுகிறேன். இது ஒளித்துவைக்க வேண்டிய கடிதம் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

எதற்காக எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். உன் நிச்சயதார்த்தத்தன்று சர்ச் ஹாலில் சாப்பாடு முடிந்து, கை கழுவும் இடத்தில் உன் பள்ளிக்கூடத்து சிநேகிதன் ரோஹன் என்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மேடைப் பக்கத்திலிருந்து நீ பார்த்தாய். என் முகம் மாறியதையும் பார்த்தாய். பிறகு திரும்பிக்கொண்டாய். அந்த வாரம் முழுவதும் நீ வருவாய் என்று இருந்தேன். புதன்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. “சின்ன வயசு மேட்டர் மா, விடுங்க.” ஐந்தே சொற்கள். பதினான்கு வருடத்துக்கு ஐந்து சொல். நீ இருக்கும் பாணேரிலிருந்து நம் கட்கி என்ன கடல் தாண்டியா இருக்கிறது? வேலை நாளிலேயே முக்கால் மணி நேரம். நேரில் வந்து சொல்ல உனக்குக் கால் எழவில்லை. போன ஞாயிறு சர்ச்சில் உனக்கும் ஷீபாவுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் ஐயர் சொல்லிவிட்டு வழக்கம்போல ஒரு நொடி நிறுத்தினார். அந்த ஒரு நொடியில் எனக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கேள்வி இந்த மாதிரி விஷயத்துக்கானது அல்ல என்பதும் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. நான் பத்தாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துகிறவள். டோப்போ ஷீட் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அதில் பெரிய பகுதி. சமஉயரக் கோடுகளைப் பார்த்து எது மேடு, எது பள்ளம், ஓடை எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லவேண்டும். ஆனால் வருடாவருடம் அதே வரைபடம்தான். பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை, மனப்பாடம் செய்கிறார்கள். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தாளைப் பார்க்காமலே பதில் வரும். நிலத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பற்றிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் ப்ரிலிம்ஸ் பரீட்சைக்கு யாரும் பார்த்திராத ஒரு நிலத்தை நானே வரைய ஆரம்பித்தேன். கையால் வரைந்தேன். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. சமஉயரக் கோடுகள் வெட்டிக்கொள்ளவே கூடாது என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவளே அப்படி வரைந்தால் எப்படி? எட்டாம் வகுப்பில் இருந்த நீ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இத கம்ப்யூட்டர்ல பண்ணலாம்” என்றாய்.

அந்தச் சனிக்கிழமைகளை நான் என் ஆயுசின் நல்ல நாட்கள் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டோக்களைத் திருத்துகிற மென்பொருள்தான். அதில் மேகம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகப் படரவைக்கும் ஒரு கட்டளை இருந்தது. வெள்ளை என்றால் உயரம், கறுப்பு என்றால் பள்ளம் என்று நீதான் சொன்னாய். அதைக் கொஞ்சம் மங்கலாக்குவோம். அந்தச் சாம்பல் நிறங்களைப் பதினைந்து படிகளாக வெட்டுவோம். படிகளின் ஓரங்களை மட்டும் தேடி எடுக்கச் சொன்னால், திரையில் கோடு கோடாக ஒரு நிலம் எழுந்துவரும். அதற்குப் பழுப்பு நிறம் ஏற்றினால் அசல் டோப்போ ஷீட் தோற்றுப்போகும். “கர்த்தருக்கு ஆறு நாள் ஆச்சு, நமக்கு ஆறு நிமிஷம்” என்று நீ சொன்னபோது அப்பா பேப்பரைத் தாழ்த்தி உன்னை முறைத்தார். ஆனால் மென்பொருளுக்குத் தண்ணீரைத் தெரியாது. மழை பெய்தால் வெளியேற வழியில்லாத குழிகளைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கும். அவற்றைத் தூரிகையால் தூர்ப்பது உன் வேலை. ஆற்றுக்கு வழி சொல்வது என் வேலை. “இப்படிக்கா வராதும்மா, இங்க நாப்பது மீட்டர் ஏறணும்” என்பாய். ஆறு ஒரு லேயர், ஊர்கள் ஒரு லேயர், கோயில் குளம் ஒரு லேயர். ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் படம். அதை அழுத்தினால் லேயர் மறைந்துவிடும், ஆனால் கோப்பில் அப்படியே இருக்கும். எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் அப்படி நாம் பதினேழு நிலங்கள் செய்தோம்.

அந்த நிலங்களில் ஒன்றில் ஒரு ஊருக்கு நீ ‘இட்லிகாவ்’, அதாவது இட்லியூர், என்று பெயர் வைத்திருந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பரீட்சைத் தாளில் இதைப் போட்டால் வகுப்பே சிரிக்குமே, மாற்று என்றேன். “பசங்க என்ன அப்படித்தாம்மா கூப்பிடுறாங்க” என்று சொல்லிக்கொண்டே மாற்றினாய். நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். டீச்சர் மகன், மதராஸி, கிரிக்கெட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாதவன், இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கிறவன். அவன் தன் பட்டப்பெயரைத் தானே ஒரு ஊருக்கு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்திருக்கிறான். இது எனக்கு இந்த இரண்டு வாரத்தில்தான் உறைக்கிறது. என் தப்புகளில் இது முதலாவது. இதை எழுதுவதால் நீ செய்தது சரியாகிவிடாது. ஆனால் கணவனோ மனைவியோ சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொல்லும்போது, அதில் சிரிப்பு எவ்வளவு என்று ஒரு தடவை பார்க்கவேண்டும். நாளைக்கு ஷீபா சொல்வாள், அப்போது பார்.

உன் பத்தாம் வகுப்பு வந்தது. பள்ளியில் வேறு பூகோள டீச்சர் கிடையாது. உன் வகுப்புக்கே நான்தான் தாள் எடுக்கவேண்டும். வீட்டிலேயே பிள்ளை இருக்கிறானே, சரியாக இருக்குமா என்று பிரின்சிபால் கேட்டார். என் பையன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்வேன் சார் என்று சொன்னேன். உன்னை அறைக்குள் அனுப்பிவிட்டு நான் தனியாகத்தான் அந்த நிலத்தைச் செய்ய உட்கார்ந்தேன். மூன்று நாள் போராடினேன். கோடுகள் புழு நெளிந்த மாதிரி வந்தன. புதன்கிழமை சாயங்காலம் பொறுமை போய், “ஜோயல், ஒரு நிமிஷம் வந்து இத மட்டும் சரி பண்ணு” என்று கூப்பிட்டேன். இது என் இரண்டாவது தப்பு. நீ வந்தாய், ஐந்து நிமிடத்தில் சரிசெய்தாய். சரிபார்க்க ஒரு நகல் எடுத்துக்கொடு என்றேன், எடுத்துக்கொடுத்தாய். அதில் மலையின் உச்சி எழுநூற்று முப்பது மீட்டர். கோயில் ஆற்றுக்கு மேற்கே இருந்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது, வடமேற்கு ஓடை மேட்டுக்கு ஏறுகிறது. கோடுகள் வளையவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து மலையைக் கரைத்தேன். உச்சி அறுநூற்று எண்பத்து நான்கு மீட்டரில் வந்து நின்றது. கோயிலை ஆற்றுக்குக் கிழக்கே தள்ளினேன். பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். நீ எடுத்துக்கொடுத்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலையில் பென் டிரைவை ஜெராக்ஸ் அறையில் தத்தா காக்காவிடம் கொடுத்து இருபத்தெட்டு நகல் எடுத்து உறையிலிட்டு வாங்கினேன். ஷீபா இதைப் படித்தால் அவளுக்காகச் சொல்கிறேன். காக்கா என்றால் மராத்தியில் சித்தப்பா. பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளியின் ஜெராக்ஸ் அறையில் இருந்தவர், எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் காக்காதான்.

பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தேன். பதினொரு பிள்ளைகள் மலையின் உயரம் எழுநூற்று முப்பது என்று எழுதியிருந்தார்கள். கோயில் ஆற்றுக்கு மேற்கே என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த வரைபடத்தில் அறுநூற்று எண்பத்து நான்கு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பார்க்கவில்லை. இல்லாத ஊரையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் தேடி எடுத்தது உன் தாளைத்தான். அதில் அறுநூற்று எண்பத்து நான்கு. கோயில் கிழக்கே. நான் நெஞ்சில் கைவைத்து, என் பிள்ளை இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். வரைபடத்தைப் பார்த்துப் பதில் எழுதத் தெரிந்தவன் என்பதற்காக உன்னைத் திருடன் இல்லை என்று முடிவுகட்டிய முட்டாள் நான்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிரின்சிபாலுக்குப் புகார் எழுதினேன். ஜெராக்ஸ் அறை வழியாகத் தாள் வெளியே போயிருக்கவேண்டும், தத்தாவை விசாரிக்கவேண்டும் என்று எழுதினேன். அப்பா பின்னால் நின்று படித்துவிட்டு, “அந்த மனுசன் அப்படிச் செய்யுத ஆளாத் தெரியல. யோசிச்சு எழுதிக் குடு” என்றார். வேறு யார் கைக்குத் தாள் போனது, நீங்களே சொல்லுங்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன். நீ அப்போது சோபாவில் உட்கார்ந்திருந்தாய். நான் சொன்னது உன் காதில் விழுந்தது. பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டபோது எழுந்து வந்து, மூடியைத் திறந்து, கசங்கிய தாளை உருவி எடுத்துவிட்டு, புகார்க் கடிதத்தை அச்சடித்து என் கையில் கொடுத்தவன் நீ. பரீட்சைத் தாள் வெளியே போனதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை ஜோயல். பதினைந்து வயதுப் பையன் சிநேகத்துக்கு ஆசைப்பட்டு ஒன்றைச் செய்வான். ஆனால் அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்தாயே.

விசாரணை பிரின்சிபால் அறையில் நடந்தது. பிரின்சிபால், இரண்டு சீனியர் டீச்சர்கள், நான். தத்தா காக்கா நின்றுகொண்டிருந்தார், யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “மேடம், நான் எடுத்த நகல்ல அறுநூத்தி எம்பத்தி நாலு. பிள்ளைங்க எழுதினது எழுநூத்தி முப்பது. அந்த எழுநூத்தி முப்பது எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க.” எவ்வளவு சரியான கேள்வி! பூகோளம் படிக்காத அந்த மனிதர் கேட்டார், பூகோளம் நடத்துகிற நான் வாயைத் திறக்கவில்லை. பழைய பதிப்பும் பென் டிரைவில் இருந்திருக்குமோ என்று பிரின்சிபால் என்னைக் கேட்டார். இருக்கலாம் சார் என்றேன். இருந்திருக்க முடியாது. அதன் மேலேயே சேமித்தேன், அதில் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது, அது எனக்குத் தெரியும். எழுநூற்று முப்பது இருந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான், நம் வீட்டு பிரிண்டர். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. வந்தது. அந்த அறையிலேயே வந்தது. நம் லேயர்களைப் போல அதன் கண்ணை அழுத்தி மறைத்துவிட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இது என் மூன்றாவது தப்பு, மற்ற இரண்டும் இதன் கால்தூசிக்கு ஆகாது. தத்தா காக்காவை வேலையிலிருந்து விலகிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதற்குப் பிறகு நீ சனிக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்காரவில்லை. படிக்கவேண்டும் என்றாய். பிறகு கல்லூரி, பிறகு வேலை. நான் என்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டேன். வளர்ந்த பையனை அம்மா இழுத்து வைத்து மலை வரைந்தால் அவனுக்கு அலுக்காதா, நாம்தான் விடத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தோம் என்று. பதினான்கு வருடமாகத் தனியாகத்தான் வரைகிறேன். குழிகளைத் தூர்க்கும்போதெல்லாம் உன்னை நினைப்பேன். பிள்ளைக்கு அலுத்துவிட்டது, போகட்டும் என்று தேற்றிக்கொள்வேன். அது அலுப்பே இல்லை. திரையைப் பார்க்க உனக்குக் கூசியிருக்கிறது. இதை ஒரு தடவை சொல்லியிருந்தால் என் பதினான்கு வருடத்தில் பாதியாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

ரோஹன் சொன்னதை எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதைக் கேட்கவில்லை, பார்க்க மட்டுமே செய்தாய். “ஆன்ட்டி, உங்களுக்கு இன்னுமா தெரியாது? ஜோயல்தான் எங்க ஹீரோ! மேப்போட பின்னாடி ஆன்ஸர் எல்லாம் எழுதிக் குடுத்தான். நாங்க அப்படியே ரட்டா போட்டு மனப்பாடம் பண்ணோம். கடைசில பார்த்தா மலையே மாறிப்போச்சு, மலையே மாறிப்போச்சு ஆன்ட்டி!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தத்தா காக்கா என்று நான் கேட்டேன். அவன் சிரிப்பு நிற்கவில்லை. “யார் ஆன்ட்டி? ஓ, அந்த ஜெராக்ஸ்காரரா?” என்றான். அதற்குப் பிறகுதான் உன்னைக் கிரிக்கெட்டில் சேர்த்துக்கொண்டார்கள், இல்லையா? அந்த வருடம் நீ முழங்கால் சிராய்ப்போடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் சந்தோஷப்பட்டு மஞ்சள் வைத்தேன்.

போன வாரம் திங்கட்கிழமை பள்ளியில் இப்போதைய பிரின்சிபாலைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இன்னும் சில மாதத்தில் ரிடையர் ஆகிறீர்கள், எதற்கு மேடம் இதெல்லாம் என்றார். அவரை வற்புறுத்தி ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னேன். தாளை வெளியே விட்டது என் மகன், தெரிந்தும் தெரியாதமாதிரி இருந்தவள் நான், தத்தா குற்றமற்றவர் என்று சொன்னேன். முப்பது பேர் இருந்தார்கள். கடைசியில் ஒரு இளம் டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, “ஹூ இஸ் தத்தா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் வேலைபார்த்தவரை யாருக்கும் தெரியவில்லை. நான் அவமானப்படத் தயாராகப் போனேன், அவமானப்படுத்தக்கூட அங்கே ஆள் இல்லை.

சனிக்கிழமை காலையில் லோணாவளா லோக்கல் ரயிலில் ஏறித் தளேகாவ் போனேன். பழைய பியூன் ஒருவர் தத்தா காக்காவின் விலாசம் கொடுத்தார். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தத்தா காக்கா போசரியில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருந்து, பிறகு தளேகாவில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடை, இரண்டு அறை வீடு. தலை முழுதாக நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவர் எனக்கு நாற்காலி போட்டார். மராத்தியில் பேசினோம், உனக்காக இதில் தமிழில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். பென் டிரைவ் விஷயத்தையும் சொன்னேன். ஸ்டாஃப் மீட்டிங்கையும் சொன்னேன். அவர் மகள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அதுக்கப்புறம் எங்க அம்மா கட்கி பஜார் பக்கமே போகல மேடம். பேப்பர் திருடினவன் பொண்டாட்டின்னு காய்கறிக்காரியே சொன்னா. காய்கறி வாங்க தாபோடி வரைக்கும் நடந்து போவா” என்றாள். அந்த அம்மாள் இப்போது இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன்.

தத்தா காக்கா சொன்னார், “நீங்க சொன்னது கேட்டாச்சு மேடம். பையன் எங்க?” அவனுக்குக் கல்யாணம், மூன்று வாரத்தில், என்று ஏதோ உளறினேன். “அன்னிக்கும் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. இன்னிக்கும் நீங்கதான் வந்திருக்கீங்க. அவனுக்கு வாய் இல்லையா?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மகள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள், குடித்தேன். டீ போடவில்லை. இந்த ஊரில் வீட்டுக்கு வந்தவர்களை டீ கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள் என்று உனக்கும் தெரியும். திரும்பி வரும் ரயிலில் எனக்கு அழுகை வரவில்லை. அவர் கேட்டது நியாயம் என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. மன்னிப்பைக்கூட உனக்காக நான் போய்க் கேட்டுவிட்டேன் பார், சின்ன வயதில் உன் ஹோம்வொர்க் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொடுத்த மாதிரி. அதுவும் ஒரு தப்பு, இதோடு எண்ணுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்லவேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். உன் அப்பா அதிகம் பேசமாட்டார், ஆனால் அன்றைக்கு என் பின்னால் நின்று சொல்லவேண்டியதைச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. நீயும் அதிகம் பேசமாட்டாய். நான் அதை அப்பாவின் குணம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இரண்டும் ஒன்றில்லை. ஷீபாவும் அந்தத் தப்பைச் செய்வாள், இவர் அமைதியானவர் என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு அந்த ஏமாற்றத்தைக் கொடுக்காதே. எனக்குக் கொடுத்தது போதும்.

வருகிற சனிக்கிழமை நீ தளேகாவ் போகவேண்டும். விலாசத்தை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஷீபாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, பெண்ணை முன்னால் நிறுத்தினால் அவருக்குக் கோபப்பட முடியாது. அவருக்குக் கோபப்பட வசதி வேண்டும். ஸ்வீட் பாக்ஸ் வாங்காதே. கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போகாதே, அது லஞ்சம் மாதிரி இருக்கும். சின்ன வயசு என்ற சொல்லை அந்த வீட்டில் சொல்லவே சொல்லாதே. அவர் மகளுக்கும் அன்றைக்குச் சின்ன வயதுதான்.

நீ போகாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசிப்பாய். ஒன்றும் செய்யமாட்டேன். இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்யாணத்தன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வருவேன், வந்தவர்களை வரவேற்பேன், போட்டோவில் உன் பக்கத்தில் நின்று சிரிப்பேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் போட்டோவில் உன் பக்கத்தில் நிற்பது உன் அம்மா இல்லை என்று உனக்கும் எனக்கும் தெரிந்திருக்கும். அது எனக்கு வேண்டாம் ராசா. நான் உன் அம்மாவாகவே நிற்க ஆசைப்படுகிறேன்.

அவர் கதவைத் திறந்ததும் உன் பெயரைச் சொல், யார் மகன் என்று சொல். எனக்கு நாற்காலி போட்டதால் உனக்கும் போடுவார் என்று நினைக்காதே. போடாவிட்டால் நின்றுகொண்டே சொல்.

அம்மா